குட்டி யானை இன்னும் வேணுமுங்களா? ஸ்டாண்டில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பல்லடத்துக்கும் உடுமலைக்கும் நடுவில் 2009-ல் இருந்து சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறேன். இப்போது ரெண்டு வண்டி இருக்கிறது, ஒன்றை நானே ஓட்டுகிறேன். ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் சொந்தக்காரர் விசேசத்திலும் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இந்த வண்டியை வாங்கலாமா, எவ்வளவு ஏற்றலாம், இதைக் கம்பெனிகள் இன்னும் விற்கத்தான் வேண்டுமா என்று கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைப் பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

குட்டி யானை, பிக்கப், மினி லாரி எல்லாம் ஒண்ணுதானுங்களா?

பேச்சுவழக்கில் கலந்துதான் சொல்கிறோம். குட்டி யானை என்றால் முதலில் டாடா ஏஸ். 2005-ல் வந்தது. சுமார் 700 சிசி, ரெண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், முக்கால் டன் பாரம், விலை ரெண்டேகால் லட்சம். அதற்கு முன்னால் நம் ஊரில் சரக்குக்கு மூணு சக்கர வண்டி, இல்லையென்றால் லாரி. நடுவில் பெரிதாக எதுவும் இல்லை. அந்த இடைவெளியில் நுழைந்த வண்டி இது. இன்று வரை 20 லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது.

2011-ல் ஓசூரில் இருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது, ஒண்ணேகால் டன். மகிந்திரா பொலேரோ பிக்கப் அதற்கும் மேல். கீழே நான் ‘சின்ன வண்டி’ என்று சொல்வது ஒரு டன் வரை ஏற்றும் வண்டிகளை. அதற்கு மேல் போனால் ‘பிக்கப்’ என்று எழுதுகிறேன்.

சின்ன வண்டியவே நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வருதே, நெசமுங்களா?

முழுசாக நிற்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு சும்மா வரவில்லை. 2020 ஏப்ரல் 1-ல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. டீசல் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகளைப் பத்து லட்ச ரூபாய் வண்டியிலும் வைக்கணும், நாலு லட்ச ரூபாய் வண்டியிலும் வைக்கணும். பெரிய வண்டி அந்தச் செலவைத் தாங்கும், சின்னது தாங்காது. மாருதி சூப்பர் கேரி 2016-ல் வந்தபோது 793 சிசி டீசலில் கிடைத்தது. பி.எஸ்.6 வந்ததும் டீசல் போய்விட்டது, இப்போது பெட்ரோலும் சி.என்.ஜி.யும்தான். மகிந்திராவின் மேக்ஸிமோ இப்போது விற்பனையில் இல்லை. அதே காலத்தில் பிக்கப்புகள் வளர்ந்து ரெண்டு டன் வரை வந்துவிட்டன. ஷோரூமில் போய் முக்கால் டன் வண்டி கேட்டால், ‘அண்ணா, இன்னும் கொஞ்சம் லோன் சேர்த்துப் பெரிசு எடுத்துக்குங்க’ என்று சொல்கிற காலம் இது.

மறுபக்கமும் ஒன்று சொல்லணும். 2025 ஜூனில் டாடா ஏஸ் ப்ரோ வந்தது, முக்கால் டன், ஆரம்ப விலை 3.99 லட்சம். பெட்ரோல், பெட்ரோலோடு சி.என்.ஜி., கரண்ட் என மூன்றிலும் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22-ல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்தது. ஆக, சின்ன வண்டியை இன்னும் விற்க முடியும். விற்கவும் வேண்டும் என்பதே என் எண்ணம். காரணம் அடுத்த பதிலில்.

இன்னும் நாலஞ்சு லட்சம் கடன் சேத்தி பிக்கப்பே எடுத்துட்டா ஆகாதுங்களா?

எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நம் பக்கம் தோட்டத்துக்குப் போகும் வழி இட்டேரி. ரெண்டு பக்கமும் கிலுவை வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகும் அகலம். அந்த அகலத்தை நம் பாட்டன் பூட்டன் வைத்தார்கள், இன்றைக்கும் அதுதான். ஏஸ் வண்டியின் அகலம் ஒன்றரை மீட்டர், நீளம் 3.8 மீட்டர். நாலரை மீட்டர் ஆரத்துக்குள்ளேயே வளையும். கட்டுத்தரை முன்னால் இருக்கும் வாசலில் ஒரே ஒடிப்பில் திரும்பிவிடும். நீளம் 5 மீட்டரைத் தொடும் பிக்கப் அங்கே நாலு தடவை முன்னே பின்னே போகணும். பல இட்டேரியில் உள்ளேயே நுழையாது.

நுழையாவிட்டால் என்ன ஆகும்? தக்காளியைப் பொழுதோட பறித்து வரப்பில் பெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். வண்டி தார் ரோட்டிலேயே நின்றுவிட்டால், வெடியால மூணு மணிக்கு டி.வி.எஸ்.50-ல் ரெண்டு ரெண்டு பெட்டியாகக் கட்டிக்கொண்டு வந்து ஏற்றணும். ஒரு பெட்டிக்கு ரெண்டு தடவை தூக்குக்கூலி. அடியில் இருக்கும் பழம் நசுங்கிச் சாறு வடியும், மார்க்கெட்டில் அந்தப் பெட்டியைத் தனியாகத் தள்ளி வைப்பார்கள். வரப்பு வரைக்கும் வண்டி போனால் இந்த நட்டம் ஒன்றும் இல்லை.

திருப்பூர் வேறு மாதிரி. ஒரு பனியன் உருவாக நூல் நிட்டிங்குக்குப் போகணும், துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங், பிரிண்டிங், தையல், செக்கிங். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கட்டடம். பாதிக்கு மேல் வீட்டுச் சந்துக்குள் இருக்கும். ஒரு நடைக்கு பத்துப் பதினைந்து ரோல் துணி. அதற்கு ரெண்டு டன் வண்டியை எடுத்தால் முக்கால்வாசி காலி இடத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறீர்கள், வாடகை கொடுப்பவரும் அதைத் தரமாட்டார். இந்தத் தொழில் இத்தனை சின்ன யூனிட்டாகப் பிரிந்து நடப்பதற்குச் சின்ன வண்டியும் ஒரு காரணம் என்பதை நான் தினம் பார்க்கிறேன்.

பிக்கப் தப்பு என்று சொல்லவில்லை. பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றி வெளியூர் போகிறவருக்கு, பவுண்டரியில் இருந்து காஸ்டிங் எடுப்பவருக்கு அதுதான் சரி.

டிராக்டர் டிரெய்லர் வீட்லயே நிக்குது. அது பத்தாதுங்களா?

சொந்தத் தோட்டத்துக்குள் எருவும் தட்டும் எடுக்க டிராக்டர் போதும். மார்க்கெட்டுக்கு 30 கிலோமீட்டர் போய் ஏலம் தொடங்கும் முன்னால் நிற்கணும் என்றால் அது ஆகாத காரியம். விவசாயத்துக்கென்று பதிந்த டிராக்டரில் வாடகைக்கு லோடு அடித்து விபத்து ஆனால் இன்சூரன்ஸில் பெரிய வில்லங்கம் வரும்.

என்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்கு. சின்ன வண்டி ஓட்டலாமுங்களா?

ஓட்டலாம். இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குத் தனியாக பேட்ஜ் அனுமதி தேவையில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2017-ல் சொன்னது. அது சரியா என்று மறுபடி கேள்வி வந்து, 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் அதையே உறுதி செய்தது. ஏஸ், தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் இந்த எடைக்குள் அடங்கும். சட்டம் விடுகிறது என்பதற்காக, லோடு வண்டி பழகாமல் ஸ்டீயரிங் பிடிக்காதீர்கள். காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் பிரேக் பிடிக்கும் தூரமே வேறு.

எங்க தோட்டத்துக்கு மட்டுந்தான் வேணும். வெள்ளை போர்டு போட்டுக்கலாமுங்களா?

சரக்குக்கென்றே கட்டப்பட்ட வண்டியைச் சட்டம் போக்குவரத்து வாகனம் என்றுதான் பார்க்கிறது. சொந்த உபயோகமானாலும் மஞ்சள் போர்டுதான். நல்ல விசயம், மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டியதில்லை. சின்ன வண்டி எல்லாம் அதற்குள் வரும். எஃப்.சி., அதாவது வண்டிக்கான தகுதிச் சான்று, உண்டு. புது வண்டிக்கு ரெண்டு வருசம், பிறகு எட்டு வயசு ஆகும் வரை ரெண்டு வருசத்துக்கு ஒரு தடவை, அதற்கு மேல் வருசா வருசம்.

நெசமா எவ்வளவு ஏத்தலாம்? ஒன்றரை டன் ஏத்தறவங்களும் இருக்காங்களே?

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். வெறும் வண்டி எடை ஒன்று, பாரத்தோடு மொத்த எடை ஒன்று என ரெண்டு எண் இருக்கும். ரெண்டாவதில் முதலாவதைக் கழியுங்கள். வருவதுதான் உங்கள் அளவு, உட்காரும் ஆட்களும் அதற்குள்தான். தக்காளியில் சொல்கிறேன். உடுமலையில் 14 கிலோ பெட்டிக் கணக்கு. காலிப் பெட்டி ரெண்டு கிலோ என்று வைத்தால் 16. முக்கால் டன்னுக்கு 46 பெட்டி. டிரைவரும் கூட ஒருத்தரும் ஏறினால் 38-க்கு மேல் வேண்டாம்.

எனக்கு இந்தக் கணக்கு பட்டுத்தான் புரிந்தது. ஒரு ஐப்பசி மழையில், விலை நல்லா இருக்குது, ஒரே நடையில் போயிரலாம் என்று தோட்டத்துக்காரரும் சொல்ல, 70 பெட்டி ஏற்றினேன். ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல். பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் தூக்கிக்கொண்டது, ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டில் விழாமல் புளியமரக் கிளையில் விழுந்தது. அதைப் பார்த்த உடனே நான் இறக்கியிருக்கணும். பி.ஏ.பி. வாய்க்கால் பாலத்துக்கு அடுத்த வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன், முன் சக்கரம் ஈரத்தில் வழுக்கி வண்டி நேராகவே போனது. கிலுவை வேலி தாங்கிக்கொண்டது. யாருக்கும் அடி இல்லை. அந்த வேலி இல்லாமல் வாய்க்கால் கரையாக இருந்திருந்தால் இதை எழுத நான் இல்லை. முழுத் தப்பும் என்னுடையது.

அபராதமும் சாதாரணமில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194-ம் பிரிவில் அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலே 2,000. மிச்ச லோடை அங்கேயே இறக்கவும் சொல்வார்கள்.

ஸ்பிரிங்ல ரெண்டு பட்டை எச்சா போட்டுட்டா தாங்குமில்லீங்க?

பட்டை தாங்கும். பிரேக், ஆக்சில், டயர், சேஸ் எல்லாம் பழையதுதானே? பழைய வண்டி வாங்கும்போது முதலில் குனிந்து பாருங்கள். பின்பக்கம் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்கு மேலே சேஸில் வெல்டிங் கோடு தெரிகிறதா என்று விரலால் தடவுங்கள். புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் மட்டும் தடிப்பாக இருந்தால், வண்டி அதன் அளவுக்கு மேல் சுமந்திருக்கிறது என்று அர்த்தம். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

டீசல் போயிருச்சுன்னா பெட்ரோலா, கேஸா, கரண்டா?

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்ற ரெண்டும் தெரிந்தால் பதில் வந்துவிடும். கோவை, திருப்பூரைச் சுற்றி ஓடி சி.என்.ஜி. பங்க் வழியிலேயே இருந்தால் கேஸ் நல்லது. தோட்டம் தோட்டமாகப் போகிறவர் பெட்ரோலும் சேர்ந்த வண்டியாக எடுங்கள், கேஸ் தீர்ந்து இட்டேரியில் நிற்கக்கூடாது. சிலிண்டர் எடை பாரத்தில் கொஞ்சம் தின்னும், மேலே சொன்ன கழித்தல் கணக்கை அந்த வண்டியின் ஆர்.சி.யில் போட்டுப் பாருங்கள்.

ஏஸ் கரண்ட் வண்டி 2022-ல் வந்தது. 21.3 யூனிட் பேட்டரி, சான்றிதழில் 154 கிலோமீட்டர். லோடு, மேடு, வெயில் எல்லாம் சேர்ந்தால் அது குறையும். காலையில் கிளம்பி நிட்டிங், கட்டிங் என்று ஊருக்குள்ளேயே சுற்றி, ராத்திரி அதே கம்பெனி வாசலில் நிற்கும் வண்டிக்கு இது ரொம்பப் பொருத்தம். பாலக்காடு தாண்டி லோடு வந்தால் போகணும் என்கிறவருக்கு இப்போதைக்குச் சொல்லமாட்டேன்.

கோயிலுக்கு, எழவுக்குப் போகப் பின்னால ஆளுக ஏறிக்கலாமுங்களா?

கூடாது. இதை நான் எத்தனை தடவை சொன்னாலும், பங்குனியில் பண்ணாரிக் குண்டம் வந்தால் முதல் போன் இதற்குத்தான் வருகிறது. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவருக்கு விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று சுப்ரீம் கோர்ட் 2002-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நட்டஈடு வண்டிக்காரர் தலையில். சரக்குக்குச் சொந்தக்காரர், அல்லது அவர் அனுப்பிய ஆள், சரக்கோடு கேபினில் வரலாம். அவருக்கு பாதுகாப்பு உண்டு.

சட்டத்தை விடுங்கள். பின் தொட்டி தகரம், பிடிக்க ஒன்றும் இல்லை, வளைவில் இருபது பேரும் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் அந்தப் பக்கம்தான் சாயும். சொந்தக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, ஒரு வேனுக்குச் சொல்லிவிடுங்கள்.

அமெரிக்காவுல சின்ன பிக்கப்பே கிடைக்கறதில்லையாமா. பணக்கார ஊர்லயே வேண்டாம்னா நமக்கு எதுக்குங்க?

லீவுக்கு வந்த என் தங்கை மகன் கேட்டது. அங்கே மக்கள் வேண்டாம் என்றதால் மட்டும் அது மறையவில்லை. கதை கோழியில் தொடங்குகிறது, பல்லடத்துக்காரருக்கு இது பிடிக்கும். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழிக்கறி மலிவாக ஐரோப்பாவில் குவிந்தது. அங்கே அதற்கு வரி போட்டார்கள். பதிலுக்கு அமெரிக்கா 1964-ல் வெளிநாட்டுச் சின்ன டிரக்குகள் மேல் 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை எப்போதோ முடிந்தது, டிரக் வரி மட்டும் நீங்காமல் நிலைத்துவிட்டது. வெளியில் இருந்து மலிவான சின்ன வண்டி உள்ளே போக முடியவில்லை. பிறகு வந்த மைலேஜ் விதியில், சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பு குறைந்தால் எட்டவேண்டிய மைலேஜ் கூடும் என்று வைத்தார்கள். வண்டியைப் பெரிதாக்குவது கம்பெனிக்குச் சுலபமாகிவிட்டது. ஃபோர்டு தன் சின்ன ரேஞ்சரை அங்கே 2011-ல் நிறுத்தியது. பத்து வருசம் கழித்து 2021-ல் மேவரிக் என்று ஒரு சின்ன பிக்கப்பைக் கொண்டுவந்தபோது ஆட்கள் காத்திருந்து வாங்கினார்கள்.

பணக்கார நாடான ஜப்பானில் கெய் டிரக் ஓடுகிறது. 660 சிசி, நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டருக்குள், பாரம் 350 கிலோ. சந்தும் வயலும் உள்ள ஊர் அது, நம்மைப் போல. அங்கே விதியே சின்ன வண்டிக்கு இடம் வைத்து எழுதப்பட்டது. வண்டி சின்னதாக இருக்குமா பெரிதாகுமா என்பதை வாங்குகிறவர் மட்டும் முடிவு செய்வதில்லை, வரியும் விதியும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. பி.எஸ்.6 நமக்குக் காட்டியதும் அதைத்தான்.

சின்ன வண்டி தகர டப்பா, முட்டுனா ஆள் காலிங்கறான் என் பையன். விக்கவே கூடாதுன்னு சொல்றானே?

உங்கள் பையன் சொல்வதில் பாதி உண்மை, அதை நான் மறைக்கமாட்டேன். இன்ஜின் முன்னால் நீட்டிக்கொண்டு இல்லாத வண்டியில் முழங்காலுக்கும் முன் வண்டிக்கும் நடுவில் ஒரு தகடுதான். அந்த முழங்கால் பதினாறு வருசமாக என்னுடையது.

ஆனால் விற்பதை நிறுத்தினால் லோடு நிற்காது. அதே 30 பெட்டி மூணு சக்கர வண்டியிலும், டி.வி.எஸ்.50-லும், 15 வயசு ஆன பழைய வண்டியிலும் போகும். அது இன்னும் மோசம். நான் கம்பெனிகளிடம் கேட்பது வேறு. கேபினைப் பலமாகக் கட்டுங்கள். பிரேக்கை, நாங்கள் கொஞ்சம் கூடவே ஏற்றுவோம் என்று தெரிந்தே பெரிதாக வையுங்கள். விளம்பரத்தில் வண்டி மேல் மலை மாதிரி மூட்டை அடுக்கிக் காட்டாதீர்கள். 2025 அக்டோபர் முதல் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளில் ஏ.சி. கேபின் கட்டாயம், சின்ன வண்டிக்கு அந்த விதி இல்லை. சித்திரை வெயிலில் காங்கேயம் ரோட்டில் மத்தியானம் ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியும், எங்களுக்கும் அது வேண்டும்.

ஸ்டாண்டுல வண்டிக எச்சாகிப் போச்சு, வாடகையே கிடைக்கறதில்லை. இன்னமும் வித்துக்கிட்டே இருந்தா நாம எப்படிங்க பொழைக்கறது?

கஷ்டமான கேள்வி. ஸ்டாண்டில் பத்து வண்டி நிற்க மூணுக்குத்தான் லோடு என்ற நாளை நானும் பார்க்கிறேன். ஆனாலும், புது வண்டி வேண்டாம் என்று நான் சொன்னால், 2009-ல் எனக்கு முன்னால் இருந்தவர்கள் என்னைப் பார்த்து அதையே சொல்லியிருக்கலாம். என்னிடம் காடும் இல்லை, தறியும் இல்லை. முன்பணம் கட்டி, நானே ஓட்டி, நானே முதலாளியாக இருக்க முடிந்தது இந்த வண்டி ஒன்றில்தான். லாரிக்கு அந்தக் கடன் எனக்கு யாரும் தரமாட்டார்கள்.

வாடகை விழுவதற்கு வண்டி எண்ணிக்கை ஒரு காரணம், ஒரே தொழிலை நம்பி எல்லோரும் நிற்பது இன்னொன்று. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடின. துணி லோடு மட்டும் அடித்தவர்களின் வண்டி மாசக்கணக்கில் நின்றது. மாசாமாசம் கட்டும் கடன் டியூ நிற்கவில்லை. நான் அப்போதுதான் தக்காளிக்கும் தீவனத்துக்கும் மாறினேன், முதல் மூணு மாசம் டீசலுக்கே சரியாக இருந்தது. வெடியால காய், பகலில் துணி, பொழுதோட வீட்டுச் சாமான் என்று மூணு வகையாவது கையில் வைத்திருந்த வண்டிதான் அந்த வருசம் தப்பித்தது.

என் பையன் வாங்கித் தரச் சொல்றான். தரலாமுங்களா?

முதலில் வேறு ஒருவர் வண்டியில் ஆறு மாசம் சம்பளத்துக்கு ஓட்டட்டும். ஒரு நோட்டில் தினமும் மூணு எண் எழுதட்டும்: வந்த வாடகை, போட்ட எண்ணெய், காலியாக ஓடிய கிலோமீட்டர். மூணாவது எண்ணைத்தான் யாரும் எழுதுவதில்லை, டியூவைத் தின்பது அதுதான். நோட்டைப் பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற சின்ன வண்டியா பிக்கப்பா என்று முடிவு செய்யலாம். லோடு கொடுக்க ரெண்டு மூணு பேர் பெயரையாவது அவன் சொல்ல முடிந்தால் அட்வான்ஸ் கட்டுங்கள்.

ஓட்டிப் பழக வண்டி வேண்டுமென்றால் என் ரெண்டாவது வண்டிக்கு ஆள் தேவைப்படுகிறது. வெடியால மூணு மணிக்கு ஸ்டாண்டுக்கு வரச்சொல்லுங்கள்.